யாழ் நரம்பும் இசைக்கட்டையும்

ஒரு கட்டையை ஒரு விரல் அழுத்த, இரண்டு கருவிகளின் ஒலி ஒருங்கே எழுவதும், ஒரே பலகையின் இடப்பாகம் ஒரு கருவியாகவும் வலப்பாகம் வேறொரு கருவியாகவும் நின்று ஒலிப்பதும் மின்னியல் பியானோவைப் பயிலத் தொடங்கும் மாணவன் முதற் சில நாள்களிலேயே அறிந்துகொள்ளும் செய்திகளாம். முன்னையதை 'லேயர்' என்றும் பின்னையதை 'ஸ்பிளிட்' என்றும் கருவி செய்வோர் வழங்குவர். தமிழில் அவற்றை ஒலியடுக்கு எனவும் பலகைப் பிரிப்பு எனவும் குறிக்கலாம். பொத்தான் ஒன்றை அழுத்திப் பெறும் இவ்வசதிகளைப் புதியனவாகவும், மேனாட்டுக்கே உரியனவாகவும், தமிழிசையோடு எவ்வகையானும் தொடர்பற்றனவாகவும் கருதுவோர் பலர். அக்கருத்தை மீன்பாடும் தேனாடாகிய மட்டக்களப்பிலிருந்து நோக்குவோர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நரம்புக்கு ஓர் இசையென நிறுத்தி அவற்றை இரு கையாலும் ஆளும் கருவியைப் பற்றித் தமிழில் எழுந்த மிகப் பெரிய ஆராய்ச்சி நூல் இவ்வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த ஒருவரால் இயற்றப்பட்டது. அந்நூல் கூறும் யாழும் இன்றைய இசைப்பலகையும் ஓரினக் கருவிகள். ஒன்றன் குறை மற்றதன் குறை. ஒன்றற்குக் கண்ட வழி மற்றதற்கும் வழியாகக்கூடும்.

பல ஒலிகள் ஒருங்கு சேர்ந்து ஒன்றாய்த் தோன்றுதல் மட்டக்களப்பாருக்கு இயற்கையே கற்பித்த பாடம் எனலாம். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, இரவில் வாவியின்மேற் படகிற் சென்று நீருள்ளிருந்து எழும் இசையைக் கேட்டார். இலங்கையைப் பற்றி அவர் 1859இல் வெளியிட்ட நூலில் அவ்வொலி நீண்ட ஒற்றைச் சுரமன்று என்றும், தனித்தனியே தெளிவாகக் கேட்கும் எண்ணிறந்த சிற்றொலிகளின் கூட்டம் என்றும், அவற்றுள் மிக மெல்லிய உச்ச ஒலியும் மிகத் தாழ்ந்த ஒலியும் கலந்திருந்தன என்றும் எழுதினார். துடுப்பின் ஒருமுனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையிற் செவிவைத்துக் கேட்பது ஊரார் வழக்கம். 1924இல் அமைந்த கல்லடிப் பாலத்தின் அருகே நிலாக்காலத்தில் அவ்வொலி தெளிவுற்றுக் கேட்கும் என்பர். அமெரிக்க இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. பாடுவது மீனோ, நத்தையோ, வேறு யாதோ என்பது ஈண்டு வேண்டாத வழக்கு. கேட்ட ஐரோப்பியர் ஒருவர் அதனை ஒலியடுக்காகவே கேட்டார் என்பதே கருதத்தக்கது.

வாவியின் இருகரையிலும் வழங்கும் கூத்திலும் இவ்வடுக்கு உண்டு. வடமோடியாயினும் தென்மோடியாயினும், களரியில் ஆடுவோன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். அண்ணாவியாரின் மத்தளமும் தாளமும் அதனைத் தாங்கும். குரல்மேற் குரல் ஏறுகின்றது. ஆயினும் எல்லாக் குரலும் ஒரே மெட்டைப் பற்றியே செல்கின்றன. வெவ்வேறு சுரங்களை ஒருங்கே நிறுத்தும் மேனாட்டு முறை இங்கில்லை. ஒரே சுரம் பல நிறத்தோடு ஒலிப்பதே இதன் இயல்பு. மின்னியற் பியானோவில் 'அடுக்கு' என்று கூறப்படுவதும் பெரும்பாலும் இதுவே. பியானோவொலியின் மேல் வயலின் கூட்டத்தின் ஒலியை ஏற்றுவோன் சுரத்தை மாற்றுவதில்லை, நிறத்தையே கூட்டுகின்றான்.

பழந்தமிழ் நூலுள்ளும் இதற்குச் சான்றுண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடியபோது கருவிகள் ஒலித்த முறையை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். குழல் முன்செல்ல யாழ் அதனைத் தழுவிச் சென்றது. தோற்கருவிகள் அவ்விரண்டோடும் ஒன்றன்பின் ஒன்றாக இசைந்தன. இறுதியில் ஆமந்திரிகை அனைத்தையும் இடைவெளி தோன்றாவண்ணம் ஒன்றாக்கியது. காற்றுக் கருவியின் நீண்டொலிக்கும் இயல்பும் நரம்புக் கருவியின் விட்டிசைக்கும் இயல்பும் ஒரே பண்ணிற் பொருந்தி ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதல் இதன் பயன். தட்டியவுடன் எழுந்து தேயும் பியானோவொலியோடு தேயாது நிற்கும் நரம்புக் கூட்டத்தின் ஒலியை இன்று சேர்ப்பதன் காரணமும் அதுவேயாம்.

மேனாட்டிற் கட்டைப்பலகை தோன்றியது பியானோவுக்கு நெடுங்காலம் முன்னர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துத் தெசிபியசு என்னும் பொறியாளர் நீரழுத்தத்தால் இயங்கும் குழலிசைப் பெட்டி ஒன்றை அமைத்தார். அதன் வழிவந்த 'ஓர்கன்' என்னும் கோயிற் கருவியில், வேறுவேறு நிறமுடைய குழல் வரிசைகள் பல உள. வரிசைக்கு ஓர் இழுப்புக் குமிழ் உண்டு. இரண்டு குமிழ்களை ஒருங்கே இழுத்தால் ஒரு கட்டைக்கு இரு குழல் ஒலிக்கும். இதுவே அடுக்கு. பிரிப்பின் வரலாறு இதனினும் சுவையானது. ஸ்பெயின் நாட்டில் ஒரே பலகையை உடைய சிறு ஓர்கன்களில், பலகையின் நடுவே ஓர் எல்லையிட்டு, அதற்கு இடப்புறக் கட்டைகளுக்கு ஒரு குமிழும் வலப்புறத்தவற்றுக்கு வேறொரு குமிழுமாக அமைத்தனர். இரண்டு பலகை செய்யப் பொருளில்லாத கோயிலில், ஒரு பலகையே இரண்டாகியது. செவில் நகரில் வாழ்ந்த கொர்ரேயா தெ அராவுசோ என்னும் இசைப்புலவர் 1626இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்புக்கென்றே இயற்றிய இசைப்பாக்கள் பல உள. இன்று மின்னியற் கருவிகளிற் 'பிரிப்பெல்லை' எனப்படுவது அந்நாளையச் சிக்கனத்தின் வழித்தோன்றல்.

பிரான்சு நாட்டுத் தெபேன் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியத்திலும் குமிழ்கள் பலகையின் நடுவே இருகூறாகவே அமைந்தன. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875ஆம் ஆண்டளவில், காலால் மிதிக்கும் துருத்தியைக் கையால் இயக்கும் துருத்தியாக்கி, தரையில் அமர்ந்து வாசிக்கத்தக்க சிறு பெட்டியாக அதனை மாற்றினார். அப்பெட்டியில் 'கப்ளர்' என்னும் உறுப்பு ஒன்றுண்டு. அதனைப் பூட்டினால் ஒரு கட்டையை அழுத்த, அதன் தாயிக் கட்டையும் தானே தாழும். நாடக மேடையில் ஒரு மனிதன் இருவர் வாசிப்பதுபோல் முழங்கியது இவ்வுபாயத்தாலேயாம். சுருதிக் குமிழை இழுத்துவிட்டால் ஆதாரச் சுரம் இடையறாது நிற்கும். அடுக்கும் பிரிப்பும் மின்சாரத்துக்கு முன்னரே நம்மவர் கைக்கு வந்துவிட்டன.

இலங்கையின் கீழ்க்கரைக்குக் கட்டைப்பலகை வந்த வழி கிறித்தவ மிசன். மெதடிஸ்த மிசனாராகிய வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பை அடைந்தார். மிசன் கோயில்களின் ஞானப்பாட்டு வழியாக ஓர்கன் இனக் கருவிகள் தமிழர் செவிக்குப் பழக்கமாயின. மறுபுறத்தில் தமிழகத்திலிருந்து வந்த இசைநாடகக் குழுக்கள் கையார்மோனியத்தைக் கொணர்ந்தன. கூத்துக் களரி மத்தளத்தோடும் தாளத்தோடும் நிற்க, மேடை நாடகம் ஆர்மோனியத்தை ஏற்றது. இக்கருவி எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு சொல் சான்றாம். பாடகர் ஒருவரின் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை', 'நாலரைக் கட்டை' என்று கூறுகின்றோம். 'கட்டை' என்பது ஆர்மோனியத்தின் வெண்கட்டையும் கருங்கட்டையுமே. ஆர்மோனியத்தைத் தீண்டமாட்டேன் என்னும் பாடகரும் தம் குரலின் அளவை அதன் கணக்காலேயே கூறுகின்றார்.

எதிர்ப்பும் வலிதாய் எழுந்தது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் சாடினார். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு 1 முதல் ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளினின்றும் விலக்கியது. இரவீந்திரநாத தாகூரும் அதற்கு ஆதரவாயிருந்தார். அவ்விலக்கு 1971இலேயே ஓரளவு தளர்ந்தது. எதிர்த்தோர் கூறிய காரணங்கள் இரண்டு. கட்டைகளுக்கு இடையே வழுக்கிச் செல்ல இயலாமையால் கமகம் இல்லை என்பது ஒன்று. தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்கிய மேனாட்டுச் சுருதி நம் பண்களுக்குப் பொருந்தாது என்பது மற்றது. இவ்விரண்டையும் அயல்நாட்டுக் கருவியின் குற்றமென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் முதற்குற்றம் நம் யாழுக்கும் உரியதே. இரண்டாங்குற்றமோ யாழாசிரியர் முன்னரே எண்ணிக் கணித்து விடைகண்ட சிக்கல். இதனை ஐயமற அறிவிப்பது யாழ்நூல்.

விபுலாநந்த அடிகள் 1892 மார்ச்சு 27இல் காரைதீவிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இசை நூலாராய்ச்சிக்கு இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே அமைந்தமை அரிய பேறு. தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு உரையாசிரியர் கூறும் அலகுகள் வெறும் எண்ணாகவே நின்றன. பௌதிகம் மட்டும் அறிந்தோர்க்கு அவ்வெண்கள் இருப்பதே தெரியாது. அடிகள் துறவு பூண்டபின் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். இமயத்து மாயாவதியில் பத்திரிகாசிரியராயிருந்த காலத்தும் ஆராய்ச்சியை விடவில்லை. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 யூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகள் கணித்தவாறு அமைத்த யாழின் ஒலியை அங்குக் கூடியோர் கேட்டனர். அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். அவர் சமாதி கல்லடியிலேயே உள்ளது. வாவியில் இசைபாடும் நீரரமகளிரைப் பற்றி அவர் பாடிய பாட்டை அறியாத மட்டக்களப்பு மாணவர் இரார்.

யாழ் என்பது வீணையன்று. வீணையில் ஒரு தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். இழுத்துக் கமகம் பிறப்பிக்கலாம். யாழிலோ வளைந்த கோட்டிற் கட்டிய நரம்பு ஒவ்வொன்றும் தனக்குரிய ஓரிசையையே ஒலிக்கும். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது அடியார்க்குநல்லார் உரைவழி அறியப்படுவது. மகரயாழுக்கு 17 என்பாரும் உளர். பேரியாழின் 21 மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுக்கும் ஏழேழாகப் பொருந்துவது காண்க. நரம்புக்கு ஓரிசை என்னும் இவ்விலக்கணம் பியானோவின் இலக்கணமேயாம். மூடியைத் திறந்து உள்ளே நோக்குவோர்க்கு, கிடத்தி வைத்த பெரியதோர் யாழே காட்சியளிக்கும். 88 கட்டைகளுக்கும் உரிய நரம்புகள் இரும்புச் சட்டத்தில் நெடியன முதல் குறியன ஈறாக நிற்கின்றன. நடுப்பகுதிச் சுரங்களுக்கு மும்மூன்று நரம்புகள் கட்டப்பட்டிருத்தலால், மின்சாரம் சிறிதும் இல்லாத பியானோவும் அடுக்கொலிக் கருவியே. யாழ் வழக்கொழிந்தமைக்குக் கமகத்துக்கு இடங்கொடாமையே காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அங்ஙனமாயின் ஆர்மோனியத்தின்மேற் சுமத்திய பழி யாழின்மேலும் சாரும். அயலார் கருவி என்பதற்காக ஒன்றை இகழ்ந்து, நம்முடையது என்பதற்காக மற்றதைப் புகழ்தல் ஆராய்ச்சி நெறியன்று.

இனிச் சுருதிக் குற்றத்தை நோக்குவோம். பண்டைத் தமிழர் ஏழிசைக்கு வகுத்த அலகு 22. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 எனக் கூட்டின் 22 வரும். குரலை முதலாகக் கொண்ட செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது பெரும்பாலோர் கொள்கை. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையிலிருந்து தொடங்கிக் கருங்கட்டை எதனையும் தொடாது வெண்கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் அரிகாம்போதி ஒலிக்கும். ஆறு கட்டையிலிருந்து தொடங்கின் நடபைரவி, அது படுமலைப்பாலை. ஒரு கட்டையிலிருந்து சங்கராபரணம், அது அரும்பாலை. இரண்டிலிருந்து கரகரப்பிரியாவாகிய கோடிப்பாலை. மூன்றிலிருந்து தோடியாகிய விளரிப்பாலை. நான்கிலிருந்து கலியாணியாகிய மேற்செம்பாலை. ஒரே நரம்பு வரிசையில் குரலை இடம்பெயர்த்துப் பாலை ஏழையும் பிறப்பித்த யாழாசிரியனின் பண்ணுப் பெயர்ப்பு, வெண்கட்டைகளின்மேல் அப்படியே நிகழ்கின்றது. எஞ்சிய ஏழாங்கட்டையிலிருந்து எழுவது செவ்வழிப்பாலை. யாழ்நூலின் பாலைத்திரிபியலைப் படித்து மயங்கும் மாணவன் ஓர் ஆர்மோனியத்தின் முன் அரைமணி நேரம் அமர்ந்தால் மயக்கம் பெரும்பாலும் தீரும்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. வழக்கின் உயிர்நிலை அதுவே. கட்டைப்பலகையில் ஒரு வெண்கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டே வகை இடைவெளிகள் உள: முழுச்சுரம், அரைச்சுரம். தமிழ்க் கணக்கிலோ 4, 3, 2 என மூவகை உள. அரைச்சுரத்துக்கு நேரானது 2. நான்கையும் மூன்றையும் பலகை ஒன்றாக்கிவிட்டது. தாயியை 1200 கூறாக்கி அளக்கும் 'சென்ற்' என்னும் அளவை எல்லிசு என்பார் 1885இல் வகுத்தார். பொதுவாகக் கொள்ளப்படும் விகிதங்களின்படி, நான்கலகு 9:8 ஆகி 204 சென்ற் பெறும். மூன்றலகு 10:9 ஆகி 182 பெறும். இரண்டலகு 16:15 ஆகி 112 பெறும். நான்கலகு மூன்றும், மூன்றலகு இரண்டும், இரண்டலகு இரண்டும் சேர 1200 நிரம்பும். பலகையோ 200, 100 என்னும் இரண்டே அளவால் அத்தொகையை நிரப்புகின்றது.

இவ்வேறுபாடு செவிக்குப் புலனாகுமா என்று வினவலாம். குரலையும் கைக்கிளையையும் பலகையில் ஒருங்கே ஒலிக்கச் செய்தால் விடை கிட்டும். குரல் செக்கனுக்கு 196 அதிர்வுடைய ஐந்து கட்டையாயின், அதன் ஐந்தாம் மேலொலி 980. பலகையின் கைக்கிளை ஏறத்தாழ 246.9, அதன் நான்காம் மேலொலி ஏறத்தாழ 988. இவ்விரண்டும் மோத, செக்கனுக்கு எட்டு முறை ஒலி துடிக்கும். அலகுக் கணக்கின்படி நிறுத்திய கைக்கிளை 245, நான்காம் மேலொலி சரியாக 980, துடிப்பு இல்லை. ஒற்றைச் சுரமாக வாசிக்குங்கால் மறைந்திருக்கும் இக்குறை, சுருதியொலியின்மேல் மெட்டை ஏற்றுங்காலும் நீண்டு ஒலிக்கும் இரு சுரங்களை ஒருங்கே நிறுத்துங்காலும் வெளிப்பட்டுவிடும். அடுக்கும் பிரிப்பும் பெருகப் பெருக, சுருதியின் பிழையும் பெரிதாகக் கேட்கும் என்பது இதனாற் போதரும்.

தமிழறிஞருள்ளும் இக்கணக்கில் ஒருமையில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 அலகு என்னும் கொள்கையை மறுத்து, தாயிக்கு 24 சம அலகு என நிறுவ முயன்றார். அவர் கணக்குப்படி பலகையின் பன்னிரண்டு சமகூறும் பிழையன்று, ஒவ்வொன்றும் ஈரலகாம். அடிகள் 22 என்னும் மரபைக் கொண்டு அதனைக் கணிதத்தால் விளக்கினார். ஒருவர் மருத்துவர், மற்றவர் விஞ்ஞானம் கற்ற துறவி. இருவரும் கருவியோடும் கணக்கோடும் வாதித்தனரேயன்றிச் சொல்லளவில் நில்லார். பண்டிதர் கொள்கையை ஏற்போர்க்கு ஆர்மோனியத்தின் சுருதி தமிழ்ச் சுருதியாகும். அடிகள் கொள்கையை ஏற்போர்க்கு அது திருத்தத்துக்கு உரியது. துடிப்பைச் செவியாற் கேட்டறிந்தோர் அடிகள் பக்கமே சார்வர்.

கிளை, நட்பு, பகை என்னும் பழைய பாகுபாட்டையும் ஈண்டு நினைத்தல் தகும். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது உரைமரபு. மேனாட்டார் தம் கூட்டிசைக்கு அடிப்படையாகக் கொண்டது நம்மவர் பகையென்ற மூன்றாவதையே. அமெரிக்கராகிய அம்மண்டு 1935இல் வெளியிட்ட மின்னோர்கனில் ஒவ்வொரு கட்டையின் ஒலியும் ஒன்பது இழுகோல்களால் அடுக்கப்படுவது. அவற்றுள் மூன்று கிளையை ஒலிக்க, ஒன்று மூன்றாம் நரம்பை ஒலிக்கும். பகை என விலக்கியது ஒலியின் உள்ளே நிறமாகப் புகுந்திருத்தல் வியப்பே.

மின்னியற் கருவிகளின் வளர்ச்சி பின்னர் விரைந்தது. 1983இல் 'மிடி' என்னும் பொதுமொழி ஏற்பட்டு, ஒரு கம்பெனியின் பலகையை அழுத்த வேறொரு கம்பெனியின் கருவி ஒலிக்கலாயிற்று. அவ்வாண்டே வந்த யமஹா டி.எக்ஸ். 7 பெரும்புகழ் பெற்றதாயினும் ஒரு வேளைக்கு ஒரு நிறத்தையே தந்தது. 1987இல் அதன் இரண்டாம் வடிவும் ரோலண்ட் டி 50 என்பதும் ஈரொலி அடுக்கையும் பலகைப் பிரிப்பையும் கொண்டு வந்தன. மறுவருடம் வந்த கோர்க் எம் 1 எட்டு நிறங்கள்வரை சேர்க்க வல்லதாயிற்று. இவற்றின் உள்ளியக்கத்தில் மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருவி ஒருங்கே எழுப்பவல்ல ஒலிகளின் தொகைக்கு எல்லை உண்டு. 64 ஒலி எழுப்பவல்ல கருவியில் இரண்டு நிறங்களை அடுக்கினால் 32 சுரமே கிட்டும். மிதியை அழுத்தி நெடிது வாசிப்போன் கையில், முன்னெழுந்த சுரங்கள் நடுவே அறுந்து மறையும். 61 கட்டைப் பலகையை நடுவே பிரித்தால் கைக்கு இரண்டரைத் தாயியே எஞ்சும். எனவே பிரித்த பகுதியின் ஒலியைத் தாயியளவு ஏற்றியோ இறக்கியோ அமைப்பர். அடுக்கில் இரண்டாம் நிறத்தின் உரப்பைக் குறைத்து நிறுத்தாதவன் வாசிப்பு இரைச்சலாகும். குழலைத் தழுவிச் சென்றது யாழ் என்னும் அரங்கேற்று காதையின் முறையை ஒலியளவுக்கும் கொள்ளலாம்.

அடிகளின் கணக்குக்கு இக்கருவி தந்த பெரும்பயன் வேறொன்று. 1987ஆம் ஆண்டின் அதே யமஹாக் கருவியில், கட்டை ஒவ்வொன்றின் சுருதியையும் நுண்ணிதின் மாற்றும் வசதி இருந்தது. அராபிய இசைக்கெனச் செய்யப்படும் மலிவான பலகைகள் பலவற்றிலும் இன்று அவ்வசதி உண்டு. குரலை ஐந்து கட்டையில் நிறுத்திக்கொண்டு துத்தத்தை 4 சென்ற் கூட்டுக. கைக்கிளையை 14 குறைக்க. உழையை 2 குறைக்க. இளியை 2 கூட்டுக. விளரியை 16 குறைக்க. தாரத்தை 4 குறைக்க. செம்பாலையின் 22 அலகு பலகையில் அமைந்துவிடும். யாழாசிரியன் திவவை நெகிழ்த்தும் இறுக்கியும் செய்ததை இங்கு எண்களாற் செய்கின்றோம். ஆனால் குரலை இடம்பெயர்த்து வேறு பாலைக்குச் செல்லின், சில இடங்களில் நான்கலகு வேண்டிய இடத்தில் மூன்றலகு நிற்கும். மீண்டும் சுருதி திருத்தல் வேண்டும். யாழுக்கு இருந்த தொல்லை அப்படியே தொடர்கின்றது. எனினும் மணிக்கணக்கில் நடந்த வேலை, முன்னரே குறித்துவைத்த எண்ணை மீட்டெடுக்கும் நொடிப்பொழுதில் முடியும்.

எஞ்சியது கமகம். கட்டைகளின் இடப்புறத்தே அமைந்த சிறு சக்கரத்தை உருட்டினால் ஒலி ஏறும், இறங்கும். அதனைக் கொண்டு கமகம் பிறப்பித்துக் கருநாடக இசையைப் பலகையில் மேடையேற்றிய கே. சத்தியநாராயணன் போன்றோர் உளர். ஆனால் மனிதனுக்குக் கை இரண்டே. பலகையைப் பிரித்து இடக்கைக்குத் தாழ்ந்த ஒலியைத் தந்தவனுக்குச் சக்கரத்தை உருட்டக் கையில்லை. சக்கரத்திற் கைவைத்தவனுக்குப் பிரித்த பகுதியால் பயனில்லை. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் யாழேந்திய மாதவியின் கைகளுக்கும் தொழில் இவ்வாறே வகுக்கப்பட்டுள்ளது. வலக்கை கோட்டொடு சேர்ந்து நிற்க, இடக்கை விரல்கள் நான்கும் மாடகத்தைத் தழுவின. மாடகம் நரம்பை வீக்கும் உறுப்பு. அவள் இடக்கை சென்ற இடத்துக்கே இன்றைய கலைஞனின் இடக்கையும் செல்கின்றது.

இருதலைக் கொள்ளியாகிய இந்நிலைக்குப் பிரிப்பே ஒரு வழி காட்டுகின்றது. இடப்பகுதிக்குத் தம்புராவொலியை வைத்து, குரலையும் இளியையும் ஒருமுறை அழுத்தி, அவை நின்றொலிக்குமாறு செய்துவிட்டால் இடக்கை விடுபடும். வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை சக்கரத்துக்குச் செல்லலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சக்கரத்தின் ஏற்றிறக்கம் வலப்பகுதியின் ஒலியை மட்டுமே தொடுமாறு முன்னரே அமைத்தல் வேண்டும். இல்லையேல் கமகத்தோடு ஆதாரச் சுருதியும் உடன் அசையும். அதனினும் மேலான சுருதிக்கேடு பிறிதில்லை. இரு பகுதிக்கும் வெவ்வேறு 'மிடி' வழி தரும் கருவிகளில் அவ்வமைப்பு இயலும். மலிவான பலகைகள் பலவற்றில் இயலாது. வாங்குமுன் கடையிலேயே இடப்பகுதிச் சுரத்தை நிறுத்தி வைத்துச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.